சனிக்கிழமைக் கட்டம்

அந்த வருடம் எங்கள் சபையின் திடப்படுத்தல் வகுப்பில் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்காக நான் ஒரு தாள் தயாரித்தேன். ஏ4 அளவு. இடதுபக்கம் ஐந்து வரிசை: காலை ஜெபம், வேத வாசிப்பு, மனப்பாட வசனம், பெற்றோருக்குக் கீழ்ப்படிதல், குடும்ப ஜெபம். மேலே ஞாயிறு முதல் சனி வரை ஏழு நாட்கள். மொத்தம் முப்பத்தைந்து கட்டங்கள். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வகுப்புக்கு வரும்போது நிரப்பிக் கொண்டுவர வேண்டும். நான் அதை வாங்கிக்கொண்டு அடுத்த வாரத்துக்குப் புதிய தாள் கொடுப்பேன்.

திடப்படுத்தல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபையில் குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது "விசுவாசிக்கிறோம்" என்று சொல்வது பெற்றோர். வளர்ந்த பிறகு அதே வார்த்தையைப் பிள்ளை சபை முன்னால் எழுந்து நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். பேராயர் வந்து தலையில் கை வைத்து ஜெபிப்பார். அதன் பிறகுதான் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்தில் பங்கு கிடைக்கும். அதுவரை அம்மாவும் அப்பாவும் பீடத்துக்குப் போகும்போது பிள்ளைகள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

பட்டியல் போடும் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் ஏழரைக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்குள் முடியும். அப்பாவின் ஜெபத்தில் வரிசை மாறாது. முதலில் நாடு, பிறகு பேராயர், பிறகு நோயாளிகள், சொந்தக்காரர்கள், கடைசியாக என் பரீட்சை. நான் பள்ளி முடித்து, இன்ஜினியரிங் முடித்து, துவாக்குடியில் கொதிகலன் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்த பிறகும் கடைசி இடத்தில் என் பரீட்சை நீண்ட நாள் இருந்தது. "எந்தப் பரீட்சைப்பா?" என்று கேட்டேன். "ஏதாவது ஒண்ணு வரும்ல" என்றார். அந்தக் கால்மணி நேரத்தை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு உட்கார்ந்து ஜெபித்ததைப் பார்த்திருக்கிறேன். விசுவாசம் என்பது தவறாமல் செய்வது என்றுதான் அதிலிருந்து புரிந்துகொண்டேன். அந்தப் புரிதல் தவறில்லை, பாதிதான் என்று பின்னால் தெரிந்தது.

புத்தூரில் எங்கள் சபை போதகர் இந்த வகுப்பை எடுக்கச் சொன்னபோது நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ஆறு மாத வகுப்பின் முடிவில் எண்பது சதவீதக் கட்டங்கள் நிறைந்தவர்களை மட்டும் பேராயர் முன் நிறுத்தலாம் என்றேன். முந்தைய வருடங்களில் வகுப்புக்கே வராதவர்கள்கூட வெள்ளை உடை தைத்துக்கொண்டு வந்து நின்றார்கள் என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். போதகர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க இன்ஜினியரு. அளவு சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்திட்டார்.

முதல் மாதத்திலிருந்தே பத்துத் தாள்கள் நிறைந்து வந்தன. ஒன்று மட்டும் அப்படி வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் மின்வாரிய லைன்மேனாக இருப்பவரின் மகள் கொடுத்த தாள் அது. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். கேட்டால் மட்டும் பதில் சொல்வாள், சொன்னால் சரியாகச் சொல்வாள். வசனங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் தாளில் குடும்ப ஜெபத்தின் வரிசையில் வாரத்துக்கு மூன்று நான்கு கட்டங்கள் காலியாக இருக்கும். கீழ்ப்படிதல் வரிசை இன்னும் மோசம். அடியில் அவள் அப்பாவின் கையெழுத்து, அந்த ஓட்டைகளுக்கெல்லாம் சாட்சியாக, தெளிவாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"குடும்ப ஜெபம் நாலு நாள் காலியா இருக்கே. அப்பாவுக்கு நைட் டியூட்டியா?"

"இல்லக்கா."

"அப்புறம்?"

"சண்டைக்கா."

வகுப்பே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "எங்க வீட்லயும்தான் சண்டை. அதுக்கெல்லாமா லீவு விடுவாங்க?" என்றான். அவளும் லேசாகச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பொறுப்பில்லாத குடும்பம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

ஆறு மாதம் முடிந்தது. கணக்கிட்டேன். பத்துப் பேர் எண்பதைத் தாண்டினார்கள். நால்வர் நூற்றுக்கு நூறு. அவள் எழுபத்து மூன்று. நான் பத்துப் பெயர்களைத் தட்டச்சு செய்து போதகரிடம் கொடுத்தேன். திடப்படுத்தல் ஆராதனைக்கு மூன்று ஞாயிறுகள் இருந்தபோது அவர் அதைச் சபையில் வாசித்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவள் அம்மா நேரே என்னிடம் வந்தார். அவர் துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றவர். பிறந்த வீட்டில் இன்றும் எல்லோரும் இந்துக்கள்.

"டீச்சர், எம் பொண்ணு பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலைங்க. மார்க் வரல."

அவர் மெதுவாக, "எங்கண்ணன் அவளுக்குப் புடவ எடுத்துட்டாரு. தாய்மாமன் எடுக்கறதுதான எங்க பக்கம் வழக்கம். புதன்கெழம எடுத்துட்டு வராரு. எங்க பொறந்த வீட்லேர்ந்து இந்தக் கோயில் வாசப்படி மிதிக்கப்போற மொத ஆளு அவருதான்" என்றார்.

அதற்குள் லைன்மேன் வந்துவிட்டார். மனைவியைப் பார்த்து, "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். அடுத்த வருஷம் நிக்கட்டும்" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க சங்கடப்படாதீங்க டீச்சர்" என்றும் சொன்னார். மகள் பக்கத்தில் நின்று செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வார் சரியாகத்தான் இருந்தது.

விடுபட்டவர்களின் வீட்டுக்கு ஆசிரியர் ஒருமுறை போய்ப் பார்த்துவர வேண்டும் என்பது எங்கள் சபையில் பழைய வழக்கம். அதை என் பட்டியலில் சேர்த்து, புதன்கிழமை வேலை முடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனேன். மேலூர் ரோட்டில் மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள். நான் படி ஏறும்போது கீழ்வீட்டு மாமி, "தீர்த்தம் வந்துடுத்து, மோட்டாரைப் போடச் சொல்லுங்கோ" என்று என்னிடமே சொல்லி அனுப்பினார்.

மேலே துறையூரிலிருந்து அவள் தாய்மாமாவும் வந்திருந்தார். வேட்டி, தோளில் துண்டு. மடியில் பெரியகடை வீதி ஜவுளிக்கடைப் பை. பெயர் பட்டியலில் இல்லை என்று யாரும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்பது இரண்டு நிமிடத்தில் புரிந்தது.

"வாங்க டீச்சரம்மா. நீங்களே நாயம் சொல்லுங்க" என்றார். "கடைல போயி வெள்ளப் புடவ குடுன்னேன். கடக்காரப் பையன் மூஞ்சி சுருங்கிடுச்சு. யாருக்குண்ணேன்னு மெதுவாக் கேக்கறான், எழவு வீடுன்னு நெனச்சுட்டான். தங்கச்சி மகளுக்கு நல்ல காரியம்டான்னேன். அதுக்கு ஏண்ணே வெள்ளைன்னான். எனக்குத் தெரிஞ்சா உனக்குச் சொல்லமாட்டனாடான்னேன்."

பையிலிருந்து புடவையை எடுத்தார். வெள்ளைதான். ஆனால் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கரை. "முழு வெள்ளையா எடுக்கக் கை வரல. இந்த ஒரு கோடு இருக்கட்டும்னு எடுத்துட்டேன். தப்புன்னா சொல்லுங்க, வெட்டிடலாம்."

மகள் புடவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கரையின் மேல் விரலை ஓட்டினாள். "மாமா, என் பேரு லிஸ்ட்ல இல்ல" என்றாள்.

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பட்டியல் போட்டது யார் என்று யாரும் சொல்லவில்லை. எதிரே நாற்காலியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணி ஆனது. லைன்மேன் பாயை விரித்தார். பத்து வயது மகன் பாட்டுப் புத்தகத்தையும் வேதப் புத்தகத்தையும் கொண்டுவந்தான். நானும் பாயில் உட்கார்ந்தேன். மாமா சுவரோரம் நாற்காலியிலேயே இருந்தார். பாட்டு தொடங்கும் என்று எதிர்பார்த்தேன். லைன்மேன் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"எல்லாரும் சரியா இருக்கமா?" என்று கேட்டார்.

மகன் முதலில் பேசினான். "நான் அக்கா ஜாமென்ட்ரி பாக்ஸ எடுத்தேன். கேக்காம."

"தெரியும். காம்பஸ் முள்ளு ஒடைஞ்சிருக்கு" என்றாள் அவள்.

"ஸாரிக்கா."

"சரி. புதுசு வாங்கற வரைக்கும் உன் பேனா எனக்கு."

"காம்பஸ் வேற, பேனா வேறப்பா" என்று பையன் அப்பாவிடம் முறையிட்டான். அப்பா அதைக் கவனிக்காமல், "காலைல நீ பல்லு வெளக்கலன்னு கத்தினேன். நீ வெளக்கியிருந்த. அப்பா பாக்காமக் கத்திட்டேன், மன்னிச்சுக்க" என்றார்.

"பரவால்லப்பா. நேத்து வெளக்கல."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சரியில்ல" என்றார். "ஞாயித்துக்கெழமலேர்ந்து உங்க மேல கோவமாத்தான் இருக்கேன். டீச்சர் வந்திருக்காங்கன்னு அத முழுங்கிட்டு முழங்கால் போட்டு ஜெபிக்கச் சொல்லாதீங்க."

"சொல்லல."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? எம் பொண்ணு என்ன குத்தம் பண்ணான்னு ஒரு வார்த்த?"

"அவ பொய் எழுதாததாலதான் பேரு இல்ல" என்றார் லைன்மேன். குரலை உயர்த்தவில்லை. "அதுக்கு நான் போயி என்னன்னு கேக்கறது, சொல்லு."

மனைவியைப் பார்த்துக் காத்திருந்தார். பிறகு, "சரி, இன்னிக்கு இல்ல" என்று பாயைச் சுருட்டினார். கோபமாக அல்ல. மழை வருகிறது, துணி எடுப்போம் என்பதுபோல. அந்த அம்மா எழுந்துபோய் எல்லோருக்கும் தோசை சுட்டார். கணவருக்குத்தான் முதல் தோசை. பேசாமல் வைத்தார்.

"எங்க ஊர்ல சாமி கும்பிடற எடத்துலதான் சண்டையே ஆரம்பிக்கும்" என்றார் மாமா என்னிடம். "இவுக சண்டைய முடிச்சுட்டுத்தான் சாமிகிட்டயே போவாகளாம். வெவரமான ஆளுக."

அவள் தன் வாரத் தாளை எடுத்தாள். பட்டியல் முடிந்துவிட்டது. இனி அந்தத் தாளுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். காலை ஜெபத்துக்கு ஒரு டிக். வேத வாசிப்புக்கு ஒன்று. குடும்ப ஜெபத்தின் கட்டத்தைத் தாண்டிவிட்டாள்.

"எல்லாரும் உக்காந்தோமே. போட்டுக்கலாமே" என்றேன்.

"நடக்கலையேக்கா" என்றாள்.

பஸ் நிறுத்தம் வரை லைன்மேன் என்னோடு வந்தார். இந்த வழக்கம் எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"கல்யாணமான புதுசுல. ஒருநா கொழம்புல உப்பு இல்லன்னு தட்டத் தள்ளிட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு ஜெபத்துக்கு வான்னு கூப்ட்டேன். அவங்க அப்ப சபைக்கே புதுசு, ஒரு பாட்டு முழுசாத் தெரியாது. 'என்னத் திட்டின வாய அதுக்குள்ள எப்படிங்க கழுவினீங்க'ன்னு கேட்டாங்க. நான் பொறந்ததுலேர்ந்து சபைல இருக்கேன், அத யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல. அன்னியிலேர்ந்துதான்."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே பேசினார். "எங்க வேலைல லைன் ஆஃப் பண்ணியாச்சுன்னு எவனாவது சொன்னா கம்பத்துல ஏறமாட்டேன். நானே போயி ஃபியூஸப் புடுங்கி எம் பாக்கெட்ல போட்டுக்கிட்டுத்தான் ஏறுவேன். டிக் போட்டிருக்குன்னு நம்பி ஏறினா எறங்கறதுக்கு ஆளிருக்காது. எம் பொண்ணுகிட்டயும் அதான் சொல்லியிருக்கேன். காலின்னா காலின்னே எழுது."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. தன் வேலையைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அது என் வேலையும்கூட. தரப் பரிசோதனையில் நான் முதல் வருடம் கற்றுக்கொண்ட பாடம் இது: ஒரு சரிபார்ப்புத் தாளில் எல்லாக் கட்டங்களும் ஒரே மையில், ஒரே சாய்வில் நிறைந்திருந்தால், அந்தப் பொருளை முதலிலிருந்து சோதிக்க வேண்டும். நேர்மையான தாளில் எப்போதும் ஏதாவது ஒரு குறை இருக்கும். தொழிற்கூடத்தில் இந்தக் காரணத்துக்காக எத்தனையோ தாள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சபையில் அதே மாதிரித் தாள்களுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்திருந்தேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஆறு மாதத் தாள்களையும் மேசையில் பரப்பினேன். ஒரே மை. ஒரே சாய்வு. அது போகட்டும். அதைவிட எளிய ஒன்று என் கண்ணில் பட்டது. அதுவரை எப்படித் தவறவிட்டேன் என்று இன்றும் விளங்கவில்லை. நான் தாள்களை வாங்கியது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. குடும்ப ஜெபம் எல்லா வீடுகளிலும் ஏழு மணிக்கு மேல். அப்படியானால் சனிக்கிழமையின் குடும்ப ஜெபக் கட்டம் என் கைக்கு வரும்போது காலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பத்துப் பேரின் தாளிலும் ஒவ்வொரு வாரமும் அது நிறைந்திருந்தது. இன்னும் நடக்காத ஜெபத்துக்குப் பிள்ளைகள் டிக் போட்டிருந்தார்கள். பெற்றோர் கையெழுத்திட்டிருந்தார்கள். நான் கூட்டிப் பார்த்திருந்தேன். போதகர் சபையில் வாசித்திருந்தார். லைன்மேனின் மகள் மட்டும் ஒரு சனிக்கிழமைகூட அந்தக் கட்டத்தைத் தொடவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தை வரைந்தது நான். வாரம் ஒரு பொய்யை நானே அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். சனிக்கிழமைக் கட்டத்தைக் கழித்துக் கணக்கிட்டாலும் அவள் எண்பதைத் தொடவில்லை. கணக்கைத் திருத்தி அவளை உள்ளே கொண்டுவர வழியில்லை. கணக்கையே விட வேண்டும்.

அன்று மாலை போதகர் வீட்டுக்குப் போனேன். தாள்களை வைத்து, எந்தக் கட்டம், எத்தனை மணி, என்ன தவறு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு தாளில் நின்றார். அது அவர் மகனுடையது. அடியில் அவர் கையெழுத்து.

"சனிக்கெழம மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டே போட்டிருப்பேன்" என்றார். பிறகு, "பேராயர் ஆபீசுக்குப் பேரு அனுப்பியாச்சும்மா. சேக்க முடியுமான்னு கேக்கணும். முடியலன்னா?" என்றார்.

"முடியலன்னா பத்துப் பேரையும் நிறுத்தி வைக்கணும் ஐயா. அவங்கள்ல ஒருத்தரும் என் ரூல்ல பாஸ் ஆகல."

அவர் சிரித்துவிட்டார். "இத நான் பேராயர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்" என்றபடி போனை எடுத்தார். அலுவலகத்தில் உடனே பதில் சொல்லவில்லை. பேராயரைக் கேட்டுச் சனிக்கிழமை காலை சொல்வதாகச் சொன்னார்கள். அந்த ஒன்றரை நாள் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போதகர் கூப்பிட்டார். சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சதவீதத்தை வைத்து அல்ல, போதகர் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக உட்கார்ந்து பேசி, யார் தயார் என்று அவர் சொல்ல வேண்டும். பதினோரு பேரிடமும்.

திடப்படுத்தல் வரை நடந்துகொண்டிருந்த வகுப்பில் அன்று ஐந்து மணிக்கு ஆரம்ப ஜெபம் சொல்ல ஒரு பையன் எழுந்தான். அவனை உட்காரச் சொன்னேன்.

"இன்னிக்கு முதல்ல நான் சொல்லணும்" என்றேன். எழுதி வைத்திருந்ததை எடுக்கவில்லை. கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நேர்மையாக எழுதியவளைப் பட்டியலிலிருந்து நீக்கியதைச் சொன்னேன். ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவளைக் கேள்வி கேட்டதைச் சொன்னேன். அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு பின்வரிசைப் பையன் கையைத் தூக்கினான்.

"அக்கா, நான் எல்லாத்தையும் பஸ்ல வரப்பதான் போடுவேன். மொத்தமா."

"நான் வெள்ளிக்கெழமயே போட்டுடுவேன்" என்றாள் இன்னொருத்தி.

"எங்க வீட்ல குடும்ப ஜெபமே இல்லக்கா. எங்கப்பா கையெழுத்து மட்டும் போடுவாரு" என்றது ஒரு சின்னக் குரல். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

போதகரின் மகன் கடைசியாக, "நான் எதுவும் சொல்லல. எங்கப்பா வியாழக்கெழமயே என்ன வெளுத்துட்டாரு" என்றான். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆறு மாதத்தில் அதுதான் எங்கள் முதல் வகுப்பு என்று தோன்றியது.

லைன்மேனின் மகளைப் பார்த்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பரவால்லக்கா" என்றாள். "ஆனா அம்மா இன்னும் அப்பாகிட்டச் சரியாப் பேசல. ஆறு நாளா எங்க வீட்ல ஜெபம் இல்ல. நீங்க அம்மாகிட்டதான் சொல்லணும்."

வகுப்பு முடிந்ததும் அவளோடு அதே பஸ்ஸில் போனேன். அவள் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கதவருகே நின்றபடியே சொன்னேன். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும் உள்ளே பார்த்து, "ஏங்க" என்று கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கணவரை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று மகளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"நான் உங்கள ஒரு வாரமா வாட்டிட்டேன்" என்றார் கணவரிடம்.

"தோச நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் லைன்மேன்.

அன்று ஏழு மணிக்கு முன்பே பாய் விரித்தார்கள். எந்த வரிசையும் இல்லாத ஜெபம். நடுவில் பையன் கொட்டாவி விட்டான். கடைசி ஆமெனுக்கு முன் அந்த அம்மா துறையூரில் இருக்கும் தன் அண்ணனுக்காகவும், அவர் வயலுக்கு வரவேண்டிய தண்ணீருக்காகவும், பிறகு எனக்காகவும் ஜெபித்தார். என் பெயரைச் சொல்லி யாரோ ஒருவர் எனக்காக, பரீட்சை எதுவும் இல்லாமல், ஜெபித்தது எனக்குப் புதிது.

போதகர் பதினோரு பேரிடமும் பேசினார். குடும்ப ஜெபம் இல்லாத அந்த வீட்டுக்கு அவரே இரண்டு தடவை போய்வந்தார். இரண்டாவது தடவை அந்தப் பையனின் அப்பாவே பாட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தாராம். பதினோரு பேரும் தயார் என்று எழுதி அனுப்பினார்.

திடப்படுத்தல் ஞாயிறு. என் கையில் நிமிட வாரியாக ஒரு நிகழ்ச்சிநிரல் இருந்தது. அதை மட்டும் நான் விடவில்லை. ஒன்பது ஐந்துக்குப் பவனி, ஒன்பது பதினைந்துக்குப் பேராயர் கேள்விகள். பிள்ளைகளைக் கோயில் வாசலில் வரிசையாக நிறுத்தினேன். துறையூர் மாமா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். கடைசி பெஞ்சில் கைகூப்பியபடி உட்கார்ந்தார். தங்கச்சி மகன் அவர் பக்கத்தில்.

பாட்டு தொடங்கியது. முதல் இருவர் நகர்ந்தார்கள். மூன்றாவதாக நின்ற லைன்மேனின் மகள் நகரவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றாள்.

"இப்பவா?"

"காலைல தம்பியோட சண்டை. அவன் பேனாவ எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன்."

நான் நிகழ்ச்சிநிரலைப் பார்த்தேன். ஒன்பது ஆறு. பாட்டுக்காரர்கள் இரண்டாவது சரணத்துக்கு வந்துவிட்டார்கள். பேராயர் பீடத்தருகே நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வா" என்றேன்.

மஞ்சள் கரை வைத்த வெள்ளைப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். குனிந்து தம்பியிடம் ஏதோ சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் நின்றாள். பாட்டு முடியப்போகிறது. மாமா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவன் இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு பேனா வேண்டுமாம். அவள் தலையாட்டினாள். அவன் சிரித்துவிட்டான்.

அவள் திரும்பி வந்து வரிசையில் தன் இடத்தில் நின்றாள். பாட்டுக்காரர்கள் மூன்றாவது சரணத்தை மறுபடி எடுத்தார்கள். நாங்கள் உள்ளே நடந்தோம்.